தாளின் பின்பக்கம்

அந்தப் பெண் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் வாசல் குழாயடியில் குழந்தையின் துணிகளைக் கசக்கிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கனமான பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டை வைத்துக் கிளிப் போட்ட தாள்கள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. "அக்கா, ஒரு அரைமணி நேரம் பேசலாமா?" என்று கேட்டாள். ரேஷன் கார்டு விஷயம் என்று நினைத்து ஈரக் கையோடு எழுந்தேன்.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற தெருக்களில் ஒன்று எங்களுடையது. ஒரு அறை, தடுப்பு வைத்த சமையலிடம், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். கணவர் டிரைலர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்கும் கண்டெய்னர் யார்டுக்கும் நடுவில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் ஒரு நாளோ ஒன்றரை நாளோ வீடு திரும்ப மாட்டார். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கல்மண்டபத்தில் இருந்த என் அம்மா அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். குழந்தையை ஒரு பத்து நிமிடம் யாரிடமாவது கொடுக்க வேண்டுமென்றால் எதிர் வீட்டில் மீன் விற்கிற அக்காதான். அவரும் காசிமேட்டிலிருந்து சரக்கெடுத்து வியாபாரம் முடித்து வர மத்தியானம் ஆகிவிடும்.

அந்தப் பெண் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். பெண்கள் ஒரு நாளில் என்னென்ன வேலை செய்கிறார்கள், குழந்தை பிறந்த பிறகு சம்பள வேலைக்கு ஏன் போக முடிவதில்லை என்று ஒரு ஆய்வு நடக்கிறது. ஒரு வருடம் மாதாமாதம் வருவாள். ஒவ்வொரு வாரமும் ஒரு நாள், காலையிலிருந்து மறுநாள் காலை வரை என்ன செய்தேன் என்று அரைமணி அரைமணியாக நான் ஒரு தாளில் நிரப்பி வைக்க வேண்டும். "பேரு எங்கயும் வராதுக்கா. உங்க வீட்டுக்கு ஒரு நம்பரு மட்டுந்தான்" என்றாள். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டாள். படிக்காமலேயே போட்டேன்.

எதிர் வீட்டு அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் போனதும் தெருவைத் தாண்டி வந்து, "இன்னாமே, இன்னாத்த எய்தினு போறா?" என்றார்.

"நா இன்னா வேல செய்றேன்னு கேக்குறாங்க."

"அக்காங்! நீ பாத்திரம் கழுவுனத எய்தினு போயி கவர்மெண்டு இன்னா பண்ணப் போவுது? கம்முனு கெட."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் முதல் வாரத் தாளை நிரப்பினேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். பேனாவைப் பிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் எண்ணூர் சாலையில் ஏற்றுமதிச் சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வந்த சட்டையை மேசையில் விரித்துக் காலரின் இரண்டு முனையும் சமமா, பித்தான் ஓட்டை சரியா என்று பார்த்து, பிசிறு நூலை வெட்டி, குற்றம் இருந்தால் சாக்பீஸால் குறி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு மேசைக்குப் பன்னிரண்டு பேர். வயிற்றில் மகள் ஏழாவது மாதமாக இருந்தபோது நின்றேன். பிரசவம் முடிந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அங்கன்வாடி எங்கள் தெருமுனையிலேயே இருந்தது. ஆனால் ரொம்பச் சின்னக் குழந்தையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மத்தியானச் சோறு போட்டுக் கொஞ்ச நேரத்தில் பூட்டியும் விடுவார்கள். கம்பெனி மணி ஐந்தரைக்குத்தான் அடிக்கும்.

அடுத்த மாதம் வந்தவள் என் தாள்களைத் தரையில் பரப்பி ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். ஒரு இடத்தில் பேனாவை வைத்து நின்றாள்.

"அக்கா, ரெண்டுலேருந்து ரெண்டரை வரைக்கும் 'சும்மா இருந்தேன்'னு எழுதியிருக்கிய. சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதாம்மா."

"சும்மாவுக்கு எங்ககிட்ட கோடு நம்பர் கிடையாதுக்கா. தூங்குனியளா, டிவி பாத்தியளா, பக்கத்து வீட்டுல பேசுனியளா?"

தென்காசிப் பக்கத்துப் பெண் அவள். அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணும் பண்லம்மா. புள்ள தூங்கிகினு கீது. ஜன்னலாண்ட நின்னுகினு கண்டெய்னர் போறத பாத்துகினு இருந்தேன். ஏழு நீலம் போச்சு, மூணு சேப்பு போச்சு. அந்தாண்ட ரோட்டுலதான கம்பெனி பஸ்ஸும் போவும்."

அவளுக்கு என் 'கீது' சிரிப்பு. இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் சொல்லிப் பார்த்துச் சிரித்தோம். பிறகு அவள் அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். அதைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"கட்டத்துக்குள்ள அடங்காதத இதுல எழுதுங்கக்கா. ஆபீஸ்ல கேக்க மாட்டாங்க. நான் படிக்கேன்."

அப்படித்தான் நான் எழுத ஆரம்பித்தேன். மகள் மத்தியானம் தூங்குகிற நேரம், ஜன்னலடியில் உட்கார்ந்து, முன்பக்கக் கட்டங்களை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டுப் பின்பக்கம் திருப்புவேன். தண்ணீர் லாரி வருகிற நாளில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தைத் தூக்குவது எப்படி என்று எழுதினேன். மணலிப் பக்கத்திலிருந்து காற்று வீசினால் குழந்தை இருமுவதை எழுதினேன். செக்கிங் மேசையில் என் இடத்துக்கு நேர் மேலே இருந்த டியூப்லைட் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், அதை எழுதினேன். கம்பெனி விட்டு பஸ் பிடித்தாலும் கண்டெய்னர் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வீடு வர ஆறரை ஆகிவிடும், அதையும் எழுதினேன். ஒரு நாள் மகளைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டு வரைக்கும் நடந்து போனதையும், உள்ளே போகத் துணிவில்லாமல் எதிரில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியதையும்கூட எழுதினேன். அதைக் கணவரிடம் சொன்னதில்லை.

மாதத்தில் அவள் வருகிற நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். முதல் நாளே தலை குளித்து, வீட்டைத் துடைத்து, நல்ல டம்ளர் எடுத்து வைப்பேன். வந்ததும் கேள்விகளை முடித்துவிட்டுப் பின்பக்கங்களை எனக்கு எதிரிலேயே படிப்பாள். சில இடங்களில் சிரிப்பாள். கம்பெனி கேட்டு வரை போனதை எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு என் மகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படி என்னைப் படித்ததில்லை. அவளும் தன்னைப் பற்றிச் சொல்வாள். பெருங்குடியில் ஆறு பெண்கள் சேர்ந்து இருக்கிற விடுதி. தினமும் இரண்டு பஸ் மாறி வடசென்னைக்கு வருகிறாள். ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "ஒரு ரெண்டு வருஷம் வேலை பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்கேங்க்கா" என்பாள்.

ஏழாவது மாதமோ எட்டாவது மாதமோ எங்களுக்குள் அந்தச் சண்டை வந்தது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவுக்கு மாவு வாங்கப் போனேன். அங்கே அங்கன்வாடி சாயங்காலமும் திறந்திருந்தது. உள்ளே சின்னக் குழந்தைகள். ஒன்றிரண்டு தவழ்கிற வயது. புதிதாக ஒரு ஆயா. விசாரித்தால் பல மாதமாகவே ஐந்து மணி வரை பார்த்துக்கொள்கிறார்களாம். யார் ஏற்பாடு என்று கேட்டேன். "அதாம்மா, எய்தினு போறாங்களே, அவங்க ஆய்வுதான்" என்றார் ஆயா.

அந்த மாதம் அவள் வந்தபோது நான் டம்ளர் எடுத்து வைக்கவில்லை.

"அந்தாண்ட தெருவுல சாயங்காலம் வரைக்கும் புள்ளைங்கள பாத்துக்குறாங்களாமே? உனக்குத் தெரியுமா?"

அவள் முகம் மாறிவிட்டது. "தெரியும்க்கா."

"அப்ப எங்க தெருவுக்கு ஏன் இல்ல?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டாங்கக்கா. சில தெருவுக்கு விழுந்துச்சு, சில தெருவுக்கு விழல. திறந்து வச்ச தெருவையும் வைக்காத தெருவையும் ரெண்டையும் பாத்தாதான் இதனால ஏதாச்சும் மாறுதான்னு தெரியும்னு சொல்லுதாங்க. மாறுதுன்னு தெரிஞ்சாதான் அரசாங்கத்துல எல்லாருக்கும் கேக்க முடியுமாம்."

"அப்ப நாங்க இன்னாத்துக்கு? சும்மா பாத்துக்கறதுக்கா?"

அவள் குனிந்து தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

"எம் புள்ள அங்க இருந்திருந்தா நா இந்நேரம் வேலைக்குப் போயிருப்பேன். எல்லாத்தையும் உனக்கு எய்திக் குட்த்தேன். நீ படிச்சிட்டு வாயே தொறக்கல."

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கக்கா" என்றாள். கண் நிறைந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். குழந்தை அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது; மெதுவாக விரல்களைப் பிரித்து எடுத்துவிட்டுப் போனாள்.

நான்கு வாரம் பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. முன்பக்கத்தில் மட்டும் வேண்டாவெறுப்பாகச் சமையல், துணி, குழந்தை என்று போட்டு வைத்தேன். நியாயம் என் பக்கம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அது புரிய எனக்கு வருடங்கள் ஆயின. ஆனால் அந்த நான்கு வார மத்தியானங்கள் தாங்க முடியாதவையாக இருந்தன. குழந்தை தூங்கும், ஜன்னலில் கண்டெய்னர்கள் போகும், நான் பேனாவைத் திறந்து மூடுவேன். எழுதுவதை விட்டதும்தான் எவ்வளவு பேச ஆளில்லாமல் இருக்கிறேன் என்பது தெரிந்தது.

அடுத்த மாதம் அவள் வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமாக்கா?" என்று கேட்டாள். "இன்னா புதுசா கேக்குற? வா" என்றேன். தாள்களைத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது, "மத்தத எழுதாட்டாலும் பரவாயில்ல. உங்க கோவத்தையாவது எழுதுங்கக்கா" என்றாள்.

எழுதினேன். அந்த வாரம் தாளின் பின்பக்கம் போதவில்லை. மகளின் தடுப்பூசி அட்டையோடு கொடுத்த துண்டுக் காகிதத்திலும் எழுதிச் சேர்த்து வைத்தேன். பாதைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் சிலரிடம் பேசியதையும் எழுதினேன். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டினால் ஐந்தரைக்கு மணி அடிக்கிற கம்பெனிக்கு யார் போக முடியும்? அங்கேயும் பெரும்பாலான பெண்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

வருடம் முடிந்தது. கடைசி முறை வந்தபோது பங்கெடுத்த எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறார்கள் என்று ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தாள். எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்து, "ஒரு வருசம் எய்தனதுக்கு இதானா?" என்றார். அவள் வெட்கத்தோடு சிரித்தாள். இறுதித் தாள்களைப் பையில் அடுக்கினாள். அந்த நேரத்தில் எனக்குத் திடீரென்று அவற்றைக் கொடுக்க மனமில்லை. என் மகள் பேசப் பழகிய வருடம் முழுவதும் அந்தப் பையில் இருந்தது. ஆனால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப் வரை கூடவே போனேன். "வாரேங்க்கா" என்றாள். எங்கள் பக்கத்தில் போகிறவர்கள் "வர்றேன்" என்றுதான் சொல்வார்கள் என்பதால் நானும் அதை நம்பினேன்.

அவள் வரவில்லை. எனக்குத் தெரிந்த எண்ணில் கொஞ்ச காலம் மணி அடித்தது. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அடையாள அட்டை போட்டுக்கொண்டு யாராவது தெருவில் வந்தால் எட்டிப் பார்ப்பேன். காஸ் கம்பெனிக்காரர்கள், கொசு மருந்து அடிக்கிறவர்கள், ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்கிறவர்கள். யாரும் அவளில்லை.

மகள் ஒன்றாம் வகுப்பு முடித்த வருடம் எங்கள் தெருமுனை அங்கன்வாடிக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். இரண்டு தொட்டில் வந்தது. இனிமேல் ஆறரை மணி வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள், ஒரு வயதுக் குழந்தையையும் சேர்க்கலாம் என்று சுவரில் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் இன்னும் பல மையங்களில் அப்படியே என்று கேள்விப்பட்டேன். எதிர் வீட்டு அக்காவின் மருமகள்தான் எங்கள் தெருவிலிருந்து முதலில் குழந்தையைக் கொண்டுபோய் விட்டாள். காட்டுப்பள்ளிப் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. முதல் நாள் சாயங்காலம் ஆறேகாலுக்கு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்ததைப் பார்த்தேன். குழந்தை அழவில்லை, ஆயா மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

எதிர் வீட்டு அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ எய்தினியே, அதுக்குத்தானாமே இது? மெய்யாலுமா?"

"தெரிலக்கா."

"உனக்கு வந்துருக்கணும்மே, அப்பவே" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பொறாமை என்று சொல்ல முடியாது. அந்த மருமகளுக்குக் கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு அந்த மேசை வேண்டியிருந்தது. கண் சிமிட்டுகிற டியூப்லைட் வேண்டியிருந்தது. கம்பெனி அதற்குள் கும்மிடிப்பூண்டி தாண்டி எங்கேயோ போய்விட்டது. நான் இப்போது தேரடிப் பக்கம் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். நல்ல இடம்தான். ஆனால் அங்கே நான் ஒருத்திதான்.

போன வருடம், மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எப்படிம்மா இருப்பேன்?" என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்து நின்றுவிட்டேன். எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், எதுவும் என்னிடம் இல்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளின் பிரதி ஒன்று பீரோவில் கிடந்தது. அதிலிருந்த முகவரியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு மெட்ரோவில் கிண்டி வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன்.

மரங்கள் நிறைந்த வளாகம். வரவேற்பில் அரைமணி காத்திருந்த பிறகு நரைத்த தாடியோடு ஒருவர் வந்து தன் அறைக்கு அழைத்துப் போனார். டீ வரவழைத்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் உண்மையான சங்கடம் தெரிந்தது.

"அந்தத் தாளெல்லாம் இப்ப இல்லம்மா. குறிப்பிட்ட காலம் ஆனதும் அழிச்சிடணும். உங்களை யாரும் அடையாளம் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு உங்க பாதுகாப்புக்காக வெச்ச விதி. நீங்க கையெழுத்துப் போட்டதிலேயே இருக்கு."

என் கையிலேயே இருந்த பிரதியைப் படித்தேன். இருந்தது.

"கம்ப்யூட்டர்ல இருக்குமா சார்?"

திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு வரிக்கு ஒரு வீடு. வரிசை வரிசையாக எண்கள். பேர் எதுவும் இல்லை. எது நான் என்று அவராலும் சொல்ல முடியாது. பின்பக்கம் எழுதியதை யாரும் ஏற்றவில்லை என்றார்.

எழுந்துகொள்ளப் போனேன். அவர் எதையோ யோசித்துவிட்டு, "உட்காருங்கம்மா" என்றார். "முதல்ல அந்த ஆய்வு தோத்துப்போச்சுன்னுதான் நினைச்சோம். அஞ்சு மணி வரைக்கும் திறந்து வெச்சும் பெண்கள் வேலைக்குப் போகலை. குழந்தையைப் பாத்துக்க ஆள் இருந்தாலும் போக மாட்டாங்கன்னு எழுதி முடிக்கிற நிலைமை. அப்பதான் உங்க பக்கம் எழுத வந்த எங்க பொண்ணு கூட்டத்துல எழுந்து, அப்படி எழுதாதீங்க சார்னு சொல்லி, தாள்களோட பின்பக்கத்தைப் படிச்சுக் காட்டினா. கம்பெனி அஞ்சரைக்கு விடுது, பஸ் கண்டெய்னருக்குப் பின்னால நிக்குதுன்னு யாரோ ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. மறுபடி போய் விசாரிச்சோம். அதிகாரிகள்கிட்ட ஆறரைன்னு கேட்டது அதுக்கப்புறம்தான்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அது நானாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், அந்தச் சாலையில் எத்தனையோ பெண்கள் பஸ்ஸுக்குள் நின்றிருக்கிறார்கள். "அந்தப் பொண்ணு இப்ப எங்க சார்?" என்று மட்டும் கேட்டேன். என் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார். அவளிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பதாகச் சொன்னார்.

மூன்றாம் நாள், கடையில் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, எப்படி இருக்கிய?"

குரல் மாறவில்லை. அவள் கல்யாணமாகி ஊருக்கே போய்விட்டாள். இரண்டு வயதில் ஒரு மகன். வேலை பார்க்கிறாயா என்று கேட்டேன்.

"விட்டுட்டேங்க்கா. பாத்துக்க ஆளில்ல. எங்க ஊருல சாயங்காலம் வரைக்கும் திறக்க மாட்டாங்க. அது உங்க பக்கத்துக்கு மட்டுந்தான் வந்திருக்கு."

பாவாடையை மேசையில் வைத்தேன். "உன் புள்ளைய தூக்கினு இங்க வந்துடு" என்றேன். அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு. மே மாத லீவில் கட்டாயம் வருவதாகச் சொன்னாள். கணவரைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுவதாகச் சொன்னாள்.

அந்த மே மாதம் பையனுக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்த லீவு என்றாள். நான் அவளுக்கென்று ஒரு சுடிதார் தைத்து வைத்திருக்கிறேன், பழைய அளவுக்கு. பிள்ளை பெற்ற உடம்பு, கொஞ்சம் பிரிக்க வேண்டியிருக்கும் என்று இரண்டு பக்கமும் துணி விட்டிருக்கிறேன்.